கார் ஷெட் கதவு மோட்டார்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா, கழற்றியே விடுவதா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வீடு ஒரு மட்டத்தில் இருந்தால் சாலை வேறொரு மட்டத்தில் இருக்கும். கார் ஷெட் சாலையை ஒட்டி நிற்கும். வீட்டுக்கு அங்கிருந்து படி இறங்க வேண்டும், இல்லையேல் ஏற வேண்டும். சமவெளியில் ஆடம்பரம் என்று தோன்றுகிற மோட்டார் கதவு, இங்கே ஐப்பசி மழையில் நனையாமல் வண்டியை உள்ளே விடுவதற்குத் தேவையான பொருள். இரவில் கதவு பாதி திறந்து கிடந்தால் திருடனை விடக் கரடியைப் பற்றித்தான் கவலை. எண்ணெய் வாசனை பிடித்து அது உள்ளே வரும் என்பதைக் கோத்தகிரிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மோட்டார் நின்றதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "புதிது என்ன விலை?" என்பதாகவே இருக்கிறது. என்னைக் கேட்டால் அதற்கு முன்பு இன்னொன்றைக் கேட்க வேண்டும். இதைப் பார்க்க மலை ஏறி வர ஆள் இருக்கிறாரா, வந்தவருக்கு உதிரிபாகம் கிடைக்குமா? சமவெளி ஊர்களில் மோட்டாரின் வயதையும் பழுதுச் செலவையும் வைத்து முடிவெடுத்துவிடலாம். இங்கே அவை இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகின்றன. கோயம்புத்தூரிலிருந்து ஊட்டி ஏறத்தாழ 86 கிலோமீட்டர். 2024 மே 7 முதல் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் வார நாட்களில் நாளுக்கு 6,000 வாகனங்கள், வார இறுதியில் நாளுக்கு 8,000 வாகனங்கள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. கம்பெனி ஆள் வந்து அரை மணி நேரம் வேலை செய்வதற்கு, அவருடைய ஒரு முழு நாளுக்கான கூலியையும் வண்டிச் செலவையும் நாம் கொடுக்கிறோம். பத்து ரூபாய்ப் பொருள் பழுதானாலும் இந்தச் செலவு மாறாது. எனவே அவரைக் கூப்பிடுவதற்கு முன்பு நாமே தெரிந்துகொள்ளக்கூடியதைத் தெரிந்துகொள்வதில்தான் பெரிய மிச்சம் இருக்கிறது.

நோய் கதவுக்கா, மோட்டாருக்கா?

மலை வீடுகளில் மோட்டார் பூட்டிய கதவுகள் பெரும்பாலும் மூன்று வகை. கடைகளில் இருப்பது போன்ற சுருள் ஷட்டர் ஒன்று. புதிதாகக் கட்டிய வில்லாக்களில் தகடு தகடாக மடங்கி, கூரையோரமாகப் போய்ப் படுக்கும் கதவு இன்னொன்று. ஷெட்டுக்கே கதவில்லாமல் வாசலில் சறுக்கு கேட் வைத்திருப்பவர்கள் மூன்றாவது. மூன்றிலும் மோட்டார் இருக்கிறது என்பதைத் தவிர இவற்றுக்குள் ஒற்றுமை குறைவு. பழுதும் வேறு, முடிவும் வேறு.

மடங்கு கதவைப் பற்றிப் பலர் அறியாத ஒன்று: அதைத் தூக்குவது மோட்டார் இல்லை. கதவின் எடை முழுவதையும் தாங்குவது ஸ்பிரிங். கதவின் மேலே தண்டில் சுற்றியிருக்கும் முறுக்கு ஸ்பிரிங்கோ, இரு பக்கமும் நீளும் இழுவை ஸ்பிரிங்கோ எடையைச் சமன் செய்து வைத்திருப்பதால்தான் சிறிய மோட்டார் அதை நகர்த்த முடிகிறது. ஸ்பிரிங் சோர்ந்தால் மோட்டார் திணறும். திணறுவதைப் பார்த்து நாம் மோட்டாரைத் திட்டுவோம். புது மோட்டார் பூட்டினாலும் அதே திணறல் தொடரும்.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கதவை முழுவதும் மூடிய நிலையில் வைத்து, மோட்டார் தண்டிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்தால் மோட்டார் கதவிலிருந்து விடுபடும். இப்போது கதவைக் கையால் தூக்கி இடுப்பு உயரத்தில் விடுங்கள். அங்கேயே நின்றால் கதவு நலம். சடசடவென்று இறங்கினால் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது. தூக்கவே முடியாவிட்டால் பெரும்பாலும் ஸ்பிரிங் உடைந்திருக்கும். முறுக்கு ஸ்பிரிங்காக இருந்தால் சுருளின் நடுவே விரலளவு இடைவெளி கண்ணுக்கே தெரியும். திறந்து நிற்கும் கதவின் சிவப்புக் கயிற்றை மட்டும் எக்காரணம் கொண்டும் இழுக்கக் கூடாது. ஸ்பிரிங் உடைந்திருந்தால் கதவு முழு எடையோடு தலையில் இறங்கும்.

முறுக்கு ஸ்பிரிங்குகளைப் பொதுவாக 10,000 முறை ஏறி இறங்கும் கணக்கில் செய்கிறார்கள். ஒரு நாளைக்கு நான்கு முறை திறந்து மூடும் வீட்டில் அது ஏறத்தாழ ஏழு ஆண்டு. விருந்தினர் வண்டிகள் வந்து போகும் ஹோம்ஸ்டேயில் ஒரு நாளைக்குப் பத்து முறை என்றால் மூன்று ஆண்டுகூட வராது. பனியும் சாரலும் பட்டுத் துருவேறினால் அதற்கும் முன்பே போய்விடும். இந்த ஸ்பிரிங்கை மாற்றுவது மட்டும் வீட்டில் யாரும் கை வைக்கக் கூடாத வேலை. எவ்வளவு நல்ல எலக்ட்ரீஷியனாக இருந்தாலும், முன்பு செய்து பழகியவர் இல்லை என்றால் அவரையும் விடாதீர்கள். முறுக்கிய எஃகு கையிலிருந்து நழுவினால் எலும்பை முறித்துவிடும்.

ஷட்டருக்குச் சோதனை வேறு. பக்கவாட்டில் பூட்டிய மோட்டாராக இருந்தால் அதிலேயே ஒரு கைச்சங்கிலி தொங்கும். மெயினை அணைத்துவிட்டு, சங்கிலியை இழுத்து ஷட்டரை ஏற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் இறுகினால் பட்டை வளைந்திருக்கிறது, அல்லது ஷட்டரின் ஓரம் ஓடும் பக்கத் தடமான சேனலில் மண் அடைத்திருக்கிறது. மழைக்காலத்தில் மேட்டுச் சாலையிலிருந்து வரும் தண்ணீர், தேயிலைத் தோட்டத்துச் செம்மண்ணையும் பொடிக்கல்லையும் ஷட்டரின் காலடியில் கொண்டுவந்து போட்டுவிட்டுத்தான் போகும். அதைக் குச்சியால் நோண்டி, கழுவி விட்டதும் ஓடத் தொடங்கிய மோட்டார்கள் ஏராளம். சேனலுக்குள் கிரீஸ் தடவும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். கிரீஸில் மண் ஒட்டி அரைபட்டு, அடுத்த மழைக்குள் இன்னும் மோசமாகும். கிரீஸ் சங்கிலிக்கும் பேரிங்குக்கும் உரியது.

சறுக்கு கேட்டில் மோட்டாரின் பல்சக்கரம், கேட்டின் அடியில் பூட்டிய பல்பட்டையைக் கடித்து நகர்த்துகிறது. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை நம் மலை ரயில் பல்தண்டவாளத்தைக் கடித்து ஏறுகிற அதே ஏற்பாடு. அங்கே எடையைத் தாங்குவது தண்டவாளமும் சக்கரமும்; பல்லின் வேலை பிடிப்பது மட்டும். கேட்டுக்கும் அதே விதிதான். அடிச்சக்கரம் தேய்ந்து கேட் இரண்டு மில்லிமீட்டர் தாழ்ந்தாலே எடை பல்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துவிடும், மோட்டார் முனகும். அப்போது மாற்ற வேண்டியது அடிச்சக்கரம்.

மின்சாரம், ஈரம், இடி

கதவு நலம் என்று தெரிந்த பிறகும் மோட்டாரைக் குற்றம் சொல்ல அவசரப்பட வேண்டாம். நாட்டின் பெயரளவு மின்னழுத்தம் 230 வோல்ட். தெருக்கோடி வீட்டில், குளிர்காலக் காலையில் எல்லாரும் கீசர் போடும் நேரத்தில், எவ்வளவு வருகிறது என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். சாதாரண ஏசி மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தை, அதாவது அதை அதனாலேயே பெருக்கினால் வருவதைப் பொறுத்தது. 230 வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது என்று தோன்றும். மோட்டாரின் வலு 61 விழுக்காடாகிவிடும். பகலில் ஒழுங்காக ஓடி, காலையிலும் மாலையிலும் மட்டும் மக்கர் செய்யும் கதவுக்கு இதுவே பெரும்பாலும் காரணம். புது மோட்டார் பணத்தில் சிறு பகுதிக்கு ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிவிடலாம். மின்வாரியத்தில் புகார் எழுதிக் கொடுப்பதும் நல்லது, செலவில்லை.

மின்தடை நேரத்தில் பழைய வகை இன்வெர்ட்டரில் கதவை ஓட்டுபவர்களுக்கும் ஒரு சொல். அந்த வகை இன்வெர்ட்டர் தரும் சதுர அலையில் ஏசி மோட்டார் இரைந்து சூடாகும். அவசரத்துக்கு ஒரு முறை பரவாயில்லை. தினமும் என்றால் மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுற்றான காயிலுக்குக் கேடு.

அடுத்தது ஈரம். நீலகிரிக்கு மழை இரண்டு பக்கமிருந்து வருகிறது. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பெய்தது. குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் கனமானது. எந்தப் பக்கமானாலும் நடுவில் மூடுபனி ஓயாது. மழையை விடப் பனிதான் மோட்டாருக்குப் பொல்லாதது என்பது என் எண்ணம். மழை கூரைக்கு வெளியே நின்றுவிடும்; பனி மோட்டார் பெட்டிக்குள் நுழைந்து கன்ட்ரோல் போர்டின் மேல் படியும்.

மடங்கு கதவின் இரு பக்கமும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் எதிரெதிரே இரண்டு சென்சார் கண்கள் இருக்கும். கதவு இறங்கும்போது குறுக்கே குழந்தையோ நாயோ வந்தால் அது மேலே திரும்பிவிடும். அமெரிக்காவில் 1993 முதல் செய்யப்பட்ட வீட்டு மோட்டார்களில் இப்படி ஒரு தற்காப்பு இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அந்தக் கண்ணாடியில் பனித்துளி படிந்தாலும், சிலந்தி வலை கட்டினாலும், சாய்ந்த வெயில் நேராகப் பட்டாலும் கதவு இறங்காது. பாதி இறங்கி மேலே போய்விடும். துணியால் துடைத்து, இரண்டும் ஒன்றையொன்று நேராகப் பார்க்கின்றனவா என்று கவனித்தால் போதும். பல மோட்டார்களில் சுவர் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால் சென்சாரை மீறிக் கதவு இறங்கும். அப்படி இறங்கினால் பழுது சென்சாரில்தான் என்பது உறுதி. சிலர் தொல்லை தாங்காமல் சென்சார் வயரை வெட்டி நேராக இணைத்துவிடுகிறார்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைச் செய்பவரை நான் எலக்ட்ரீஷியன் என்று சொல்ல மாட்டேன்.

இடி விழுந்த மறுநாள் மோட்டார் மூச்சே இல்லாமல் கிடந்தால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அதற்குப் பக்கத்தில் வட்ட வில்லை போல ஒரு வேரிஸ்டர் இருக்கும். அது கருகியிருந்தால் தன் உயிரைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றியிருக்கிறது என்று நம்ப இடமுண்டு. இரண்டும் மலிவான பொருட்கள். சாலிடர் வைக்கத் தெரிந்த டிவி மெக்கானிக் போதும். அவற்றைத் தாண்டிப் போர்டே கருகியிருந்தால் அது வேறு கதை, அதற்கு வருகிறேன்.

அறிகுறியும் உறுப்பும்

சுவர் பொத்தானுக்கு ஓடுகிறது, ரிமோட்டுக்கு ஓடவில்லை என்றால் மோட்டாரைத் திறக்கவே வேண்டாம். ரிமோட்டின் செல்லை மாற்றுங்கள். நம் ஊர் கேட் ரிமோட்டுகளில் பெரும்பாலும் சிறிய 12 வோல்ட் செல் இருக்கும். அதன் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து அதையே வாங்க வேண்டும். செல் மாற்றியும் பக்கத்தில் போனால்தான் வேலை செய்கிறது என்றால், ஷெட்டில் அண்மையில் மலிவான எல்இடி பல்பு மாட்டினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். சில பல்புகள் எழுப்பும் ரேடியோ இரைச்சல் ரிமோட்டின் குரலை அமுக்கிவிடும். பல்பை அணைத்துவிட்டு அழுத்தினால் தெரிந்துவிடும்.

மோட்டார் "ம்ம்" என்று இரைகிறது, சுழலவில்லை. கதவிலிருந்து விடுவித்த பிறகும் அப்படியே என்றால் கண்டென்சர் போயிருக்கும். சீலிங் ஃபேனுக்கு மாற்றுவது போன்ற வேலைதான். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அளவில் வாங்க வேண்டும். மெயினை அணைத்த பிறகும் கண்டென்சரில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால், பழகியவர் கையில் கொடுப்பது நல்லது.

மோட்டார் நன்றாகச் சுழலும் சத்தம் கேட்கிறது, கதவு மட்டும் அசையவில்லை என்றால் இரண்டு காரணங்கள். யாராவது சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டு மறந்திருப்பார்கள். இல்லையென்றால் உள்ளே நைலான் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது. மூடியைக் கழற்றினால் வெள்ளைத் தூள் சிதறிக் கிடக்கும். ஊட்டியில் பனி உறையும் மாதங்களில் பழைய கிரீஸ் கெட்டியாகி, இந்தச் சக்கரத்துக்குக் கூடுதல் பாரம் விழுகிறது.

ரிலே, அதாவது மோட்டாருக்கு மின்சாரம் விடும் போர்டின் சிறு சுவிட்ச், "டிக்" என்று அடிக்கிறது, மோட்டார் அசையவில்லை என்றால் ரிலேயின் காலடியில் சாலிடர் விட்டுப் போயிருக்கலாம், தொடுமுனைக்குள் எறும்பு புகுந்திருக்கலாம். சில முறை ஓடிய பிறகு நின்று, இருபது நிமிடம் கழித்துத் தானாகச் சரியானால் அது பழுதே இல்லை. சூடேறியதால் மோட்டார் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது. ஷட்டர் மோட்டார்கள் தொடர்ந்து ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. பிள்ளைகள் ரிமோட்டை வைத்து விளையாடினால் இப்படித்தான் ஆகும்.

யாரிடம் கொடுப்பது?

இதுவரை சொன்னதில் துடைப்பது, கழுவுவது, செல் மாற்றுவது எல்லாம் வீட்டு வேலை. அதற்கு மேல் போனால் மூன்று வாசல்கள்: உள்ளூர் பட்டறை, கம்பெனி ஆள், புது மோட்டார்.

உள்ளூர் பட்டறையை நம் ஊரில் குறைவாக மதிப்பிடுகிறார்கள். இது தேயிலைத் தொழிற்சாலைகள் நிறைந்த மாவட்டம். இலையை வாட்டும் தொட்டியின் ஃபேன் மோட்டார் நின்றால் அன்றைய இலை வீண். அதனால் காயில் கட்டவும் பேரிங் மாற்றவும் தெரிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. ஷட்டரின் ஏசி மோட்டார் அவர்களுக்குச் சின்ன வேலை. காயில் எரிந்த ஷட்டர் மோட்டாரைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குவது, உடல் பகுதி நன்றாக இருக்கும் வரை, எனக்குச் சரியாகப் படவில்லை. ஷட்டரின் கன்ட்ரோல் போர்டும் அப்படித்தான்: ஏற்று, இறக்கு, நிறுத்து என்ற மூன்று கட்டளைகளைத் தவிர அதில் பெரிய சூட்சுமம் கிடையாது. 433 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் பொதுவான ரிசீவர் போர்டும் இரண்டு ரிமோட்டும் கோயம்புத்தூர் எலக்ட்ரிக்கல் கடைகளிலிருந்து பார்சலில் வந்துவிடும். எந்தக் கம்பெனி மோட்டார் என்பது அவ்வளவு முக்கியம் இல்லை.

மடங்கு கதவின் மோட்டார் இதற்கு நேர்மாறு. அதன் போர்டு, கதவு எவ்வளவு தூரம் போக வேண்டும், எவ்வளவு விசை தாண்டினால் திரும்ப வேண்டும், சென்சார் என்ன சொல்கிறது என்பதையெல்லாம் கணக்கு வைத்திருக்கிறது. ஒரு கம்பெனி போர்டு இன்னொன்றுக்குச் சேராது. சில நேரம் அதே கம்பெனியின் பழைய மாடலுக்கும் புதியது சேராது. இங்கே உள்ளூர் மெக்கானிக்கின் திறமை ஃபியூஸ், ரிலே, சாலிடரோடு முடிந்துவிடுகிறது. மைய சிப் போய்விட்டால் கம்பெனியிடம் போர்டு இருக்கிறதா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிட வேண்டும். "வந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்பார்கள். வருவதற்கே ஒரு நாள் கூலி என்பதால், மோட்டாரின் மாடல் எண்ணையும் போர்டின் படத்தையும் முதலில் அனுப்பி, "இந்தப் போர்டு கையிருப்பில் இருக்கிறதா, எடுத்துக்கொண்டு வருவீர்களா?" என்று கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். இருப்பில் இல்லை என்றால் அந்த மோட்டாரின் காலம் முடிந்துவிட்டது.

லேத் பட்டறையில் ஒரு ஆசை காட்டுவார்கள். தேய்ந்த நைலான் பல்சக்கரத்தைக் கொண்டுபோனால், "இது எதற்கு, பித்தளையில் கடைந்து தருகிறேன், உங்கள் பேரன் காலம் வரை வரும்" என்பார் கடைசல்காரர். அவர் சொல்வது பொய் இல்லை, சக்கரம் நிலைக்கும். ஆனால் நைலானில் செய்ததற்குக் காரணம் இருக்கிறது. கதவு எங்காவது சிக்கிக்கொண்டால் முதலில் தேய்வது அந்தச் சக்கரமாக இருக்கட்டும் என்பதற்குத்தான் அது. சக்கரம் பித்தளையானால் அடுத்த முறை போவது அதைச் சுழற்றும் திருகுத் தண்டோ மோட்டாரோ ஆக இருக்கும். கம்பெனியின் நைலான் சக்கரம் கிடைத்தால் அதையே, முடிந்தால் இரண்டாக, வாங்கி வைப்பது நல்லது. கிடைக்கவே இல்லை என்ற நிலையில் லேத்துக்குப் போகலாம். வேறு வழி இல்லாதபோது பித்தளையும் தோஷமில்லை.

கம்பெனி ஆளை அழைத்தே தீர வேண்டிய வேலைகள் இரண்டு: ஸ்பிரிங் மாற்றம், மடங்கு கதவின் போர்டு. அழைப்பதானால் அக்கம்பக்கத்தில் அதே மாதிரி கதவு வைத்திருக்கும் வீடுகளைக் கேட்டு, இரண்டு மூன்று வேலைகளை ஒன்றாகச் சேர்த்து வரவழையுங்கள். வண்டிச் செலவு பிரிந்துவிடும். நீலகிரிப் பதிவெண் உள்ள வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டாம். வெளியூர் வண்டிக்கு வேண்டும். அதை எடுக்கச் சொல்லி நினைவூட்டாவிட்டால் சோதனைச் சாவடியிலிருந்து உங்களுக்குத்தான் போன் வரும்.

இனிப் பணக் கணக்கு. வண்டிச் செலவையும் சேர்த்துப் பழுதுச் செலவு, புது மோட்டாரைப் பூட்டி முடிக்கும் செலவில் பாதியைத் தாண்டினால், பத்து ஆண்டு கடந்த மோட்டாரை நான் மாற்றிவிடுவேன். பாதிக்குள் என்றால் பழுது பார்ப்பேன். ஐந்து ஆண்டுக்கு உட்பட்டது என்றால், போர்டு போயிருந்தாலும் போர்டைத்தான் மாற்றுவேன். ஒரு விதிவிலக்கு: ஷட்டர் மோட்டாருக்கு வயதே பார்ப்பதில்லை. உடல் விரிசல் விடாமல், கியர் பெட்டியில் எண்ணெய் ஒழுகாமல் இருந்தால் அதைக் கட்டிக்கொண்டே போகலாம். மடங்கு கதவின் மோட்டாரில் சென்சார் வசதியே இல்லை, அல்லது சென்சார் இருந்தும் கதவு தரையில் வைத்த மரக்கட்டையை முட்டியதும் திரும்பவில்லை என்றால், எவ்வளவு புதியதாக இருந்தாலும் அதற்குப் பணம் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆளைப் பொறுத்தும் முடிவு மாறும்

ஆண்டு முழுவதும் குடியிருக்கும் வயதானவர்களுக்கு மோட்டார் தேவை. பழுது பார்ப்பதா மாற்றுவதா என்பது மட்டும்தான் கேள்வி. மாற்றுவதானால் டிசி மோட்டார் உள்ளதாகப் பார்க்கலாம். அதன் மின்வழங்கி நல்லதாக இருந்தால் லோ வோல்டேஜிலும் தடுமாறாது, மெதுவாகத் தொடங்கி மெதுவாக நிற்கும், பேட்டரியில் சில முறை ஓடும். குளிரில் பேட்டரியின் கொள்ளளவு குறையும் என்பதையும், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பேட்டரியை மாற்ற வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடைக்காரர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார்.

ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கு என் யோசனை, மடங்கு கதவை விட்டுவிட்டு ஷட்டருக்கு மாறுவது. அழகு கொஞ்சம் குறையும். சனிக்கிழமை மாலை விருந்தினர் வண்டி வெளியே நிற்கும்போது, கைச்சங்கிலியை இழுத்து ஏற்றிவிட முடியும் என்ற நிம்மதி அந்த அழகை விடப் பெரியது.

சென்னையிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு மாதம் ஒரு முறை வந்து போகிறவர்களிடம் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள், இருந்தாலும் சொல்கிறேன். உங்களுக்கு மோட்டாரே வேண்டாம். ஓடும் மோட்டாரை விட ஓடாத மோட்டார்தான் இங்கே சீக்கிரம் கெடுகிறது. பூட்டிய ஷெட்டில் மாதக்கணக்கில் ஈரத்தில் கிடந்து போர்டின் செம்புக் கோடுகள் பச்சை பூத்துவிடும், எலி வயரைக் கடித்துவிடும். மின்சாரத்தை ஓடவிட்டுப் போனால் போர்டு இளஞ்சூட்டில் காய்ந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் சித்திரை இடிக்கும் ஐப்பசி இடிக்கும் யார் பதில் சொல்வது? பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போவதே பாதுகாப்பு, அப்படிப் போனால் ஈரம் தின்னும். ஸ்பிரிங் சமன் சரியாக இருக்கும் மடங்கு கதவை ஒரு கையால் தூக்கலாம். பாதுகாப்புக்கு உள்தாழ்ப்பாளும் நல்ல பூட்டும் போதும். மோட்டாரைக் கழற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அதுவரை கதவைப் பூட்டி வைத்திருந்ததும் மோட்டார்தான். கழற்றிய அன்றே தாழ்ப்பாள் பூட்டியாக வேண்டும். சுருள் ஷட்டரில் இன்னும் எச்சரிக்கை தேவை. பக்கவாட்டு மோட்டார் பூட்டியவற்றில் ஸ்பிரிங்கே இல்லாமல் மோட்டாரை நம்பி எடை தொங்குவது உண்டு. அதைக் கழற்றினால் ஷட்டரை ஆளால் தூக்க முடியாது. ஸ்பிரிங் போட்டு மாற்றும் செலவையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பழுது பார்ப்பதோ புதிது பூட்டுவதோ, எதுவானாலும் ஆள் வந்திருக்கும் அன்றே செய்துகொள்ள வேண்டிய சில வேலைகள் உண்டு. மோட்டாருக்குத் தனி எம்சிபி (மின்சாரம் மிகுந்தால் தானாக அணையும் சுவிட்ச்), ஒழுங்கான எர்த், இடிக்கு ஒரு சர்ஜ் தடுப்பான். வயர் நுழையும் துளைகளை எறும்பு புகாமல் அடைப்பது. கூரையிலிருந்து மோட்டார் மேல் சொட்டுகிறதா என்று ஏணி வைத்து ஒரு முறை பார்ப்பது.

அதோடு வெளியிலிருந்து திறக்கும் சாவியையும் கேட்டு வாங்குங்கள். சமவெளி வீட்டில் ஷெட்டுக்குள்ளிருந்து வீட்டுக்கு ஒரு கதவு இருக்கும். மின்சாரம் போனால் அந்த வழியே உள்ளே போய்ச் சிவப்புக் கயிற்றை இழுத்துவிடலாம். நம் ஷெட் சாலையோரத்தில் தனியாக நிற்கிறது, அதற்கு வேறு வாசல் கிடையாது. கயிறு உள்ளே, நாம் வெளியே. கதவின் வெளிப்புறத்தில் சாவி போட்டு அந்தக் கயிற்றை இழுக்கும்படி ஒரு சிறு பூட்டு உண்டு. மோட்டார் விலையோடு பார்த்தால் அது பெரிய செலவில்லை. கேட்டால்தான் பூட்டுவார்கள். சாவிகளில் ஒன்றை வீட்டில் வையுங்கள், ஷெட்டுக்குள் வைக்காதீர்கள்.